பெயர் மாற்றப்பட்டுள்ளது

போன் அடித்தது.

துஷ்யந்தி எடுக்கவில்லை. வெளியே மழை. கண்டியில் வாடகை அறையில் தனியாக இருந்து முதுகலை படிக்கும் பெண்ணுக்குக் காலையில் போன் பண்ண யார் இருக்கிறார்கள்? அம்மா இருந்தவரை அடிக்கும். அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது.

மறுபடி அடித்தது.

தெரியாத நம்பர்.

"மிஸ் துஷ்யந்தியா? சப் இன்ஸ்பெக்டர் ஸைத் பேசுறேன். நீங்கதானே ஹந்தானைத் தோட்டத்துப் பொம்பளைகள்ட்ட பேட்டி எடுக்குறது?"

"ஆமா சார்... என்னோட ஆராய்ச்சிக்கு."

"அதுல ஒத்தர் மௌத்தாகி ஈக்கி. தேயில மலைக்குக் கீழ, கானுக்குள்ள கெடந்தீக்கி. ராசாத்தின்டு பேர்."

துஷ்யந்தி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

ராசாத்தி செத்திருக்க முடியாது.

ஏனென்றால்... ராசாத்தி என்று ஒருத்தியே கிடையாது!

துஷ்யந்தி படிப்பது உளவியல். ஆய்வு முறைகள் என்ற பாடத்துக்காகத் தோட்டத்துக்குப் போனாள். லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கசிப்பு என்ற கள்ளச்சாராயம் ஆறாக ஓடுகிறது. அந்தக் குடி பெண்களின் மனதை என்ன செய்கிறது என்பதுதான் அவள் ஆய்வு. பன்னிரண்டு பெண்களைத் தனித்தனியாகச் சந்தித்தாள். யார் யார் பேசினார்கள் என்பது லயத்தில் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. சொந்தப் பெயர் எங்கேயும் வராது, உங்களுக்குப் பிடித்த வேறொரு பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள்.

பரிமளம் என்ற பெண் வைத்துக்கொண்ட பெயர்தான் ராசாத்தி.

அப்படியென்றால் செத்தது பரிமளமா?

த்ரீவீலில் ஹந்தானை மலை ஏறும்வரை துஷ்யந்திக்கு அந்த ஒரே நினைப்புதான். பரிமளம்... போகும்போதெல்லாம் முதலில் 'சாப்பிட்டீங்களா டீச்சர்' என்று கேட்கும் பரிமளம். அம்மா போன பிறகு அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள்.

தோட்டத்து வடிகாலான கானின் ஓரத்தில் கூட்டம்.

கூட்டத்தின் முன்வரிசையில், முக்காட்டுத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு, பரிமளம் நின்றாள்!

உயிரோடு.

துஷ்யந்திக்கு மூச்சு வந்தது. அப்படியென்றால் செத்தது யார்?

உடம்பின் மேல் போர்த்தியிருந்த துணியைப் பொலிஸ்காரர் விலக்கிக் காட்டினார். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். பின்மண்டையில் கல் இடித்த காயம். அந்த முகத்தைத் துஷ்யந்தி அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"இவங்க யாரு?" என்றாள்.

சப் இன்ஸ்பெக்டர் ஸைத் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கட்டுகஸ்தோட்டைக்காரர். நெற்றியில் தொழுகைத் தழும்பு, வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய்.

"என்ன மிஸ், நீங்க பேட்டி எடுத்த ஆளை நீங்களே கேக்குறீங்க? ராசாத்தி."

"இவங்களோட நான் ஒரு வார்த்த கூட பேசினதில்ல சார்."

"முழுத் தோட்டமும் பேசினதாத்தான் செல்லுது."

செத்தவளின் புருஷன் சிவனு ஈர மண்ணிலேயே உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. அழுததா, குடித்ததா என்று சொல்ல முடியாது. அவனிடம் கேட்டதும் விஷயம் ஒரு வாக்கியத்தில் விளங்கிவிட்டது.

"செக்ரோல்ல அவ பேரு மருதாயிங்க. லயத்துல யாரு அப்படிக் கூப்புடுறா? பொறந்ததுல இருந்தே ராசாத்திதான்."



துஷ்யந்தி கவனமில்லாதவள் இல்லை. பெண்கள் தேர்ந்தெடுத்த பெயர்களைத் தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்திருந்தாள். நிஜமாகவே அந்தப் பெயரில் ஒருத்தி இருந்துவிடக் கூடாதே! ராசாத்தி என்று ஒரு பெயர் அதில் இல்லை. நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்த்தாள்.

வேலைக்குப் பதிய ஒரு பெயர், லயத்தில் கூப்பிட ஒரு பெயர். தோட்டத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம் டவுன்காரி துஷ்யந்திக்குத் தெரிந்திருக்கவில்லை.

போன வாரம் நடந்தது கண் முன்னால் வந்தது.

சொன்னவர்களிடமே திரும்பிப் போய், 'நான் எழுதியது சரியா' என்று கேட்பது அவள் படிப்பில் ஒரு முறை. தோட்டத் தலைவர் கணேஸ் மண்டபத்தைத் திறந்துவிட்டார். எல்லா லயத்துப் பெண்களும் வந்தார்கள். பன்னிரண்டு பேர் யார் என்று தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் எல்லாரையும் கூப்பிட்டிருந்தாள். ஒவ்வொரு பெயராகச் சொல்லி வாசித்தாள்.

ராசாத்தி சொல்கிறார்... 'இந்தக் கசிப்பு லயத்தையே குடிச்சு முடிக்குது. யாரு காச்சுறாங்கன்னு எனக்குத் தெரியும். கண்ணால பாத்தேன். ஒரு நாளைக்குப் பொலிசுல போய்ச் சொல்லத்தான் போறேன்.'

அவள் ஆய்விலேயே உயிருள்ள வரி அதுதான். காய்ச்சுகிறவர் பெயரைக் கேட்டபோது மட்டும் பரிமளம் சொல்லவில்லை.

மண்டபத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. துஷ்யந்தி அதை 'உருக்கம்' என்று குறித்துக்கொண்டாள்.

உருக்கம்!

ஒரு பெண்ணுக்கு நாள் குறித்திருக்கிறாள். உருக்கமாம்.

அன்று மண்டபத்தில் கூட்டம் கலையும்போது ஒரு குளிர்ந்த கை அவள் கையைப் பற்றியது. பரிமளம்.

"எம்பேரச் சொல்லிடாதீங்க டீச்சர்..."

"சொல்ல மாட்டேன்க்கா. செத்தாலும் சொல்ல மாட்டேன்."

தோட்டத்துக் கடையில் ஸைத் இரண்டு பிளேன்டீ சொன்னார். இது விழுந்து செத்த சாவு இல்லை என்றார். செத்தவளின் செருப்பு இரண்டும் கான் கரையில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. வழுக்கி விழுகிறவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டா விழுவாள்? உட்கார்ந்து யாரோடோ பேசியிருக்கிறாள். அவளுடைய போனையும் காணவில்லை, கான் தண்ணீர் அடித்துப் போயிருக்கலாம். கசிப்புக் காய்ச்சும் இடத்தை அதில் படம் பிடித்து வைத்திருந்ததாகப் புருஷன் சொல்கிறான்.

"இப்ப செல்லுங்க மிஸ். ராசாத்தின்டு உங்கள்ட்ட பேசினது ஆரு?"

"சொல்ல முடியாது சார். வாக்கு குடுத்திருக்கேன்."

"ஒரு மௌத்து நடந்தீக்கி."

"அதனாலதான் சொல்ல முடியாது. நெசமா பேசினது யாருன்னு தெரிஞ்சா அடுத்தது அவங்கதான்."

ஸைத் ஏலக்காயைக் கடித்தார். நீதிமன்றத்துக்குப் போய் பேட்டிகளின் ஒலிப்பதிவை வாங்க முடியும் என்றார். சரி, வாங்குங்கள், அதற்குள் நான் அழித்துவிடுவேன் என்றாள் துஷ்யந்தி. சொன்ன பிறகு தன் குரலைக் கேட்டுத் தானே பயந்தாள்.

அன்று பின்னேரம் பல்கலைக்கழகத்தில் அவளுடைய பேராசிரியர் சுந்தரலிங்கத்தைப் பார்த்தாள். உயிருக்கு ஆபத்து என்றால் வாக்கை மீறலாம், விதியே அப்படித்தான் சொல்கிறது என்றார் அவர். யாருடைய உயிருக்கு என்று அவள் கேட்டாள். அதை நீதான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார்.

அவள் பார்த்தாள். ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்தாள்.

விடிந்ததும் ஸைத்துக்குப் போன் எடுத்தாள்.

"சார், யார் பேசினாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா கொன்னது யாருன்னு கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு. ஒரு பரிசோதனை."

"செல்லுங்க பாப்போம்."

சந்தேகத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். வாசிக்கும்போது மண்டப வாசலில் நின்று கேட்ட தலைவர் கணேஸ். குடிகாரப் புருஷன் சிவனு. ராசாத்தி தன் போனை ஓர் இடத்தில் ஒளித்து வைத்திருந்தாள், நாளைக்குப் பொலிஸ் வந்து எடுக்கப்போகிறது என்று இருவரிடமும் சொல்வது. ஆனால் ஆளுக்கு ஒரு இடம். கணேஸுக்குக் கோவில் பின்பக்கம். சிவனுவுக்குப் பழைய தண்ணீர்த் தாங்கி. குற்றம் செய்தவன் போனைத் தேடி வருவான். வருகிற இடமே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

"நல்லாத்தான் ஈக்கி," என்றார் ஸைத்.

"இன்னும் ஒருத்தர் வேணும் சார். கன்ட்ரோல்."

"அது என்ன?"

"இந்தக் கொலைக்குத் துளிகூட சம்பந்தமில்லாத ஒருத்தர். அவங்களுக்கும் ஒரு இடத்தச் சொல்லுவேன். அவங்க வரலன்னாதான், வர்ற ஆள் வெறும் வேடிக்க பாக்க வரல, பயத்துலதான் வந்தாங்கன்னு நிச்சயமாகும். ஒப்பிட்டுப் பாக்க ஆள் இல்லாம பரிசோதன இல்ல சார்."

"அந்த சம்பந்தமில்லாத ஆள் ஆரு?"

"அதச் சொல்ல மாட்டேன்."

ஸைத் சிரித்தார். தன்னிடம் இரண்டு கான்ஸ்டபிள்தான் இருக்கிறார்கள், மூன்றாவது இடத்துக்கு ஆள் இல்லை என்றார்.

"அங்க நான் இருக்கேன். அங்கதான் யாரும் வரமாட்டாங்களே."

கணேஸ் விஷயத்தைக் கேட்டு, 'அப்படியா தங்கச்சி' என்று மீசையைத் தடவினார். சிவனு கேட்டானா என்றே தெரியவில்லை. கடைசியாகத் துஷ்யந்தி பரிமளத்தின் லயத்து அறைக்கு, காம்பராவுக்குப் போனாள்.

பரிமளம் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. கேட்காமலே தட்டில் இரண்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்து நீட்டினாள். மகன் திலக்ஷன் எங்கே என்று கேட்டதற்கு, கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடையில் வேலை கிடைத்துப் போயிருக்கிறான் என்றாள்.

"அக்கா... ஏன் அந்தப் பேர வச்சீங்க?"

பரிமளம் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வாயில வந்துச்சு டீச்சர். சின்னதுல இருந்து கூப்புட்ட பேரு. ரெண்டு பேரும் ஒரே நெறையிலதான் கொழுந்தெடுப்போம்."

துஷ்யந்தி ரொட்டியைத் தட்டிலேயே வைத்தாள். கூட்டாளியை இழந்தவளிடம் போய்ப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னாள். போன் பிள்ளைக் காம்பராவின் பின்பக்கத் தாழ்வாரத்தில், தகரத்துக்கு அடியில் இருக்கிறதாம் என்று.

"பாவி மக," என்றாள் பரிமளம். "என்னத்தையெல்லாம் எங்கெங்க ஒளிச்சு வச்சாளோ."

அவ்வளவுதான். இன்னொரு ரொட்டி வைத்தாள்.

அன்று போயா தினம், பௌர்ணமி விடுமுறை.

வேலை இல்லை. தோட்டத்துக் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பரா பூட்டிக் கிடந்தது. பின்னேரத்து மூடுபனி ஹந்தானை மலையிலிருந்து இறங்கி ஒவ்வொரு லயமாக விழுங்கிக்கொண்டு வந்தது.

துஷ்யந்தி பின்பக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். ஸைத்திடமிருந்து செய்தி வந்தது. கண்டிக்கு பஸ்ஸில் போன கணேஸ் இன்னும் திரும்பவில்லை. சிவனு மனைவியின் சேலையைத் தலைக்கு வைத்துப் படுத்தவன் அசையவே இல்லை.

பரிசோதனை தோற்றுவிட்டது என்று நினைத்தாள்.

அப்போது...

காலடிச் சத்தம்.

பனிக்குள் ஒரு உருவம். தலையில் சாக்கு. நேராகத் தாழ்வாரத்துக்கு வந்தது. தகரத்தின் மேல் கை வைத்தது. மறு கையில் கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியைக் கிளையோடு சீவும் கத்தி!

தகரம் கிரீச்சிட்டது.

"அங்க இல்லக்கா," என்றாள் துஷ்யந்தி.

சாக்கு கீழே விழுந்தது.

பரிமளம்.

 துஷ்யந்தியின் மனம் இன்னும் அவளுக்காகவே வாதாடியது. கூட்டாளியின் ஞாபகமாகப் போனை எடுக்க வந்திருப்பாள். பொலிசுக்குக் கொடுக்க எடுக்க வந்திருப்பாள்...

"கத்தி எதுக்குக்கா?"

"தகரத்த நெம்ப." பரிமளம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கத்தி மடியில் இருந்தது. "போன் எங்க டீச்சர்?"

"இங்க எப்பவுமே இல்ல."

பரிமளம் மெல்லத் தலையாட்டினாள். விளங்கிவிட்டது.

"காச்சுறது... யாருக்கா?"

"எம்மவன்." குரலில் ஒன்றுமே இல்லை. "கடையில வேலன்னது பொய். மேல ஓடைக்குப் பக்கத்துலதான் இருக்கான். அவ பாத்துட்டா. படமும் புடிச்சுட்டா. எங்கிட்ட வந்து சொன்னா. எம்புருசன் இந்தத் தண்ணியிலேயே சாகப்போறான், ஒம்மவன்னு பாக்க மாட்டேன் பரிமளம், பொலிசுக்குப் போவேன்னா. காச்சுறது யாருன்னு எங்கிட்ட மட்டுந்தான் சொன்னா."

"அப்போ எங்கிட்ட சொன்ன கத..."

"அவ கத."

"ஏன் அத உங்க கத மாதிரி சொன்னீங்க?"

"எங்கதையச் சொல்ல முடியுமா டீச்சர்? எம்மவன் ஊரக் கெடுக்குறான், நான் பாத்துக்கிட்டு ரொட்டி சுடுறேன்னு சொல்லவா? நீங்க அவ்வளவு ஆசையா கேட்டீங்க. ஒரு வார்த்த சொல்லணும் போல இருந்துச்சு. அவளோட தைரியத்தக் கொஞ்சம் எடுத்துக்கிட்டேன்."

"பேரு? அவங்க பேர ஏன் வச்சீங்க?"

பரிமளம் அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். இது கூடவா தெரியாது என்பது போல.

"நீங்கதானே டீச்சர், பொய் கலக்காம சொல்லுங்கன்னீங்க? எம்பேரு வேணாம், வேற பேரு வைங்கன்னீங்க. அவ சொன்னதுக்கு வேற யாரு பேர வக்கிறது? அவ பேரத்தான் வச்சேன்."

துஷ்யந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆய்வுக் கட்டுரையில் ஒருவர் சொன்னதை எடுத்தால் அவர் பெயரைப் போட வேண்டும். முதல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது அது. பரிமளத்துக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே செய்திருந்தாள்.

"இப்புடி எல்லார் முன்னாலயும் வாசிப்பீங்கன்னு நெனைக்கல. நீங்க சொன்னீங்க போல. நான்தான் காதுல வாங்கல." பரிமளத்தின் குரல் இப்போதுதான் உடைந்தது. "லயம் பூரா பேச்சாயிருச்சு. அவளுக்குத் தெரிஞ்சு போச்சு, நான்தான்னு. கான் ஓரத்துல உக்காந்தோம். அழுதா டீச்சர். திட்டியிருந்தா கூடப் பரவால்ல. இனி மறைச்சு என்னா இருக்கு, இப்பவே பொலிசுக்குப் போறேன்னு எந்திரிச்சா. வெறுங்காலோட நடந்தா. கையப் புடிச்சேன். ஒதறினா. தள்ளிட்டேன்."

மழை மறுபடி தூறியது.

"தள்ளணும்னுதான் தள்ளினேன். சாகணும்னு தள்ளல. கீழ எறங்கிப் பாத்தேன். கண்ணு தொறந்து இருந்துச்சு. பரிமளம்னு ஒரு தடவ சொன்னா. அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல."



பரிமளம் கத்தியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒரு வாக்கு குடுத்தீங்களே டீச்சர். நான் என்னா சொன்னாலும் வெளிய போகாதுன்னு. கையெழுத்து கூடப் போட்டுக் குடுத்தீங்க. அது இன்னும் செல்லுமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தாள். யாருடைய உயிர்? ராசாத்தியின் உயிர் போய்விட்டது. எதிரே இருக்கும் உயிர் தனக்குச் சோறு போட்டது. தலையாட்டினால் போதும். இருவரும் எழுந்து காம்பராவுக்குப் போய் ரொட்டி சாப்பிடலாம். சிவனு எப்படியும் குடித்துச் சாவான். கேட்க ஆள் இல்லை.

கத்தி அரை முழத் தூரத்தில் இருந்தது. அதைப் பற்றி அவளுக்குப் பயமே வரவில்லை. அதுதான் அவளை அழ வைத்தது.

"செல்லாதுக்கா," என்றாள். "மன்னிச்சிருங்க."

பரிமளத்தின் கை கத்தியைத் தூக்கியது...

தாழ்வாரத்தின் ஓரத்தில், மழை படாத இடமாகப் பார்த்து, அதை வைத்தது.

"நனைஞ்சா துருப்புடிக்கும்," என்றாள். "தோட்டத்துச் சாமான்."

துஷ்யந்தி அவளைக் கட்டிக்கொண்டாள். புகையும் கொழுந்தும் கலந்த வாசனை. அம்மாவுக்கு இந்த வாசனை கிடையாது. ஆனாலும் அம்மா இரண்டாவது முறை செத்தது போலத்தான் இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஸைத். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. எப்போதிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை.

"எங்க வேலைல கன்ட்ரோல்ன்டு ஒரு சாதி இல்ல மிஸ்," என்றார் மெதுவாக. "நீங்க நிச்சயமா வரமாட்டாங்கன்டு சொன்ன எடத்துக்குத்தான் நான் முதல்ல வந்தேன்."

பரிமளம் எழுந்தாள். சேலையை உதறிக் கட்டினாள். மகனை அடிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டாள். ஸைத் சரி என்றார். நிஜமாகவே சொன்னது போல இருந்தது.

ஜீப் வரைக்கும் மூன்று பேரும் நடந்தார்கள். லயத்து வாசல்களில் ஆட்கள் நின்றார்கள்.  சிவனு மட்டும் எழுந்து வந்து, பரிமளத்தின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, திரும்பி உள்ளே போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பரிமளம் ஜீப்பில் ஏறும்போது திரும்பினாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க டீச்சர். சட்டியில ரொட்டி இருக்கு."

துஷ்யந்தியால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. ஜீப்பின் பக்கவாட்டில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஸைத் ஒரு ஏலக்காயை நீட்டினார். அவள் வாங்கவில்லை. இந்த ஆய்வைக் கிழித்துப் போடப்போகிறேன் என்றாள். பன்னிரண்டு பேரில் ஒருத்தி இன்னொருத்தியின் கதையைச் சொல்லியிருக்கிறாள், ஒரு பொய் போதும், மொத்தமும் செல்லாது என்றாள்.

ஸைத் ஏலக்காயைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

"பொய்யா? உங்க பன்னெண்டுல கதைக்குச் சொந்தக்காரியோட நெச பேர் ஈந்தது ஒன்டே ஒன்டுலதான் மிஸ்... அதச் செஞ்ச ஆளுக்குத்தான் நான் இப்ப விலங்கு போட்டீக்கேன்!"